அப்டேட் முடிந்தது, கணினி எழவில்லை

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரும் வரை, ஒரு விண்டோஸ் கணினிக்குள் நான்கைந்து நிரல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பொறுப்பை வாங்கிக்கொள்கின்றன. முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழக்கத்தில் எல்லோரும் அதை பயாஸ் என்றே சொல்கிறார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணினிகளில் இருப்பது அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்கில் தனியாக ஒதுக்கப்பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனை அது திறக்கும். பெரும்பாலும் 100 எம்பி அளவே உள்ள சின்ன இடம் அது. விண்டோஸ் பூட் மேனேஜர் இருப்பது அங்கேதான். பூட் மேனேஜர் பிசிடி என்ற பட்டியலைப் படித்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வின்லோடு என்ற நிரலைக் கூப்பிடுகிறது. வின்லோடு, விண்டோஸின் மைய நிரலான கெர்னலையும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியையும் டிஸ்கைப் படிப்பதற்கான டிரைவர்களையும் ராமில் ஏற்றுகிறது. பிறகு கெர்னல் எழுந்து மற்ற டிரைவர்களையும் சர்வீஸ்களையும் வரிசையாகக் கிளப்பி, கடைசியில் லாகின் திரையைக் காட்டுகிறது.

எஸ்எஸ்டி உள்ள கணினியில் இவ்வளவும் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை என்றால் இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கைமாற்றம் நடக்கவில்லை என்று பொருள். குழந்தையின் பிறந்தநாள் படங்கள், கடையின் ஜிஎஸ்டி கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் டிஸ்கில் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கெட்டிருப்பது அவற்றுக்கு வழிவிடும் ஒரு சில கோப்புகள்தான். இது தெரியாததால்தான் சர்வீஸ் கடைகளில் 'ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம்' என்ற ஒரே மருந்து எல்லா நோய்க்கும் எழுதித் தரப்படுகிறது. பல கணினிகளுக்கு அது தேவையே இல்லாத அறுவை சிகிச்சை.

அப்டேட் இந்த வரிசைக்குள் எப்படிக் கை வைக்கிறது? மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரம் காலை 10 மணி. இந்தியாவில் அப்போது இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. புதிய கோப்புகள் பின்னணியில் இறங்கி, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஒரு கிடங்கில் காத்திருக்கும். ஓடும் பேருந்துக்கு டயர் மாற்ற முடியாது, டிப்போவில் நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கெர்னல், டிஸ்க் டிரைவர் போன்றவற்றின் கதையும் அதுதான். அவை எப்போதும் பயன்பாட்டில் இருப்பதால், கணினியை அணைக்கும்போதும் மீண்டும் எழுப்பும்போதும்தான் பழையதை எடுத்துப் புதியதை வைக்க முடியும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று எழுதி வைக்கப்படும். ரீஸ்டார்ட்டின்போது அது ஒவ்வொன்றாக நிறைவேறும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவோ, எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவைக்கவோ விண்டோஸ் முயலும். பெரும்பாலும் வெற்றியும் பெறும். அந்த முயற்சியும் பாதியில் நின்றால்தான் தொல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தினமும் வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, மறுநாள் திறந்து தொடர்பவர்கள் ஏராளம். அவர்களுடைய கணினி உண்மையில் ரீஸ்டார்ட் ஆவதே மாதத்துக்கு ஒருமுறை, அப்டேட் வரும் அன்றுதான். அதற்கு முன்பே தேய்ந்துபோன டிஸ்க், செத்துப்போன சிமாஸ் பேட்டரி, ஒட்டிக்கொண்ட வைரஸ் எதுவானாலும் அன்றைக்குத்தான் வெளியே தெரியும். பழி அப்டேட்டின் மேல் விழும். 2010 பிப்ரவரியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. அந்த மாத அப்டேட்டுக்குப் பிறகு பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத்திரையோடு நின்றன. சேஃப் மோடிலும் எழவில்லை. மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்திவைத்து ஆராய்ந்தது. அந்தக் கணினிகளில் அலூரியான் என்ற ரூட்கிட், அதாவது ஒளிந்திருந்து தகவல் திருடும் நச்சுநிரல், ஏற்கெனவே டிஸ்க் டிரைவருக்குள் குடியேறியிருந்தது தெரியவந்தது. கெர்னலுக்குள் குறிப்பிட்ட சில முகவரிகளை நம்பி அது எழுதப்பட்டிருந்தது. அப்டேட் கெர்னலை மாற்றியதும் முகவரிகள் நகர்ந்தன. ரூட்கிட் தவறான இடத்தில் காலை வைத்துக் கணினியையும் சேர்த்துச் சாய்த்தது. அப்டேட் வந்திராவிட்டால் அந்தக் கணினிகளின் சொந்தக்காரர்களுக்குத் திருட்டு நடப்பதே தெரிந்திருக்காது.

நின்ற இடம் எது?

பழுது பார்ப்பதன் முதல் வேலை எதையும் தொடாமல் திரையைப் பார்ப்பது. கணினி எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவே வரவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால், விண்டோஸின் முறை இன்னும் வரவேயில்லை. அங்கே குற்றவாளி ராம், மதர்போர்டு அல்லது அப்டேட்டோடு சேர்ந்து வந்த ஃபர்ம்வேர் மாற்றம். இப்போதெல்லாம் பயாஸ் அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து சேர்கிறது. கவனிக்காமல் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தால், ஃபர்ம்வேர் டிஸ்கைப் பார்க்கவில்லை, அல்லது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் மேனேஜரைக் காணவில்லை. பயாஸ் திரைக்குள் போய் அங்கே டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று உடனே தெரிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் ஓஎஸ் சம்பந்தப்பட்ட எந்த வைத்தியமும் பலிக்காது.

லோகோ வந்து, அதன் கீழே புள்ளிகள் சுற்றாமலே நீலத்திரை வந்தால் பிசிடி பட்டியலிலோ வின்லோடிலோ கோளாறு. புள்ளிகள் சுற்றிய பிறகு வந்தால் கெர்னலும் டிரைவர்களும். 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகம் சற்று விவரமாகப் பார்க்க வேண்டியது. கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்கையே அதனால் படிக்க முடியவில்லை என்பது இதன் பொருள். டிஸ்க் டிரைவர் மாறியிருக்கலாம். அல்லது ஃபர்ம்வேர் அப்டேட்டோ பேட்டரி இறந்ததோ பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் தள்ளியிருக்கலாம். டிஸ்கை அணுக பயாஸில் வைத்த முறையும் அதில் மாறிவிடும்: ரெய்டு அல்லது இன்டெல் விஎம்டி முறையில் விண்டோஸ் போடப்பட்ட கணினி, ஏஹெச்சிஐ முறைக்கு மாறியிருக்கும். பயாஸில் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால் பேட்டரிதான் என்று அடித்துச் சொல்லலாம். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றி, பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நிற்கும். அதை ஃபார்மட் அடித்திருந்தால்?

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நிற்பது வேறு வகை. அது பூட் ஆகாத கணினியே அல்ல; பூட் ஆகிவிட்டது, திரையைக் காட்டும் டிரைவரோ டெஸ்க்டாப்பை வரையும் நிரலோ எழவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும். அதிலேயே சரியாகிவிடும் கேஸ்கள் உண்டு.

'அப்டேட்டில் வேலை நடக்கிறது, கணினியை அணைக்காதீர்கள்' என்ற திரையிலேயே சதவீதம் நகராமல் நிற்பதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஒரு மணி நேரம் நிற்பது இயல்பு. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் இன்னும் கூடும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வரை கை வைக்கக் கூடாது. விளக்கும் அசைவில்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிட்டால் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைப்பதில் தவறில்லை. அதற்கு முன் பென்டிரைவ், பிரின்டர், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அப்டேட்டின் நடுவே சொருகியிருக்கும் பென்டிரைவிலிருந்து எழ முயன்று தோற்ற கணினியைப் பார்த்துப் பதறியவர்கள் பலர்.

மீட்புத் திரை

விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் போனால், தானாகவே வின்ஆர்இ எனப்படும் மீட்புச் சூழலுக்குள் போகும். போகாவிட்டால், லோகோ வரும் நேரம் பார்த்து பவர் பட்டனால் அணைத்து, மீண்டும் போட்டு, மீண்டும் அணைத்து அதை அங்கே தள்ளலாம். முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி இது. வேறொரு கணினியில் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து எழுப்பி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகவும் உள்ளே வரலாம்.

உள்ளே இருக்கும் வாய்ப்புகளில் முதலில் தொட வேண்டியது 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதற்குள் இரண்டு பிரிவுகள்: மாதாந்திர அப்டேட், பெரிய பதிப்பு மாற்றம். நேற்று இரவு வந்தது எதுவோ அதை எடுத்தாலே பல கணினிகள் எழுந்துவிடும். பதிப்பு மாற்றத்தைத் திரும்பப் பெற வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். அதன் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸே அழித்துவிடுகிறது. அடுத்தது 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. இது பல நேரம் 'சரிசெய்ய முடியவில்லை' என்று கைவிரித்தாலும், நேரம் அதிகம் தின்னாது, கேடும் செய்யாது. சிஸ்டம் ரீஸ்டோர் இயக்கப்பட்டிருந்தால் அதுவும் நல்ல வழி. ஆனால் நிறைய கணினிகளில் அது அணைத்தே கிடக்கும்.

சேஃப் மோடு கண்டறிவதற்கான கருவி. மிகக் குறைந்த டிரைவர்களோடு கணினி எழும். அப்படி எழுந்துவிட்டால் கெர்னலும் டிஸ்கும் பூட் கோப்புகளும் நன்றாக இருக்கின்றன என்று நிரூபணமாகிவிடும்; ஏதோ ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோ புதிய கெர்னலோடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகத்தைச் சுருக்கலாம்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் கமாண்ட் பிராம்ப்ட். இங்கே அனுபவசாலிகளே வழுக்கும் இடம் டிரைவ் எழுத்து. மீட்புச் சூழலுக்குள் சி டிரைவ் என்பது எப்போதும் விண்டோஸ் இருக்கும் டிரைவ் அல்ல. எழுத்துகள் அங்கே புதிதாக ஒதுக்கப்படுகின்றன. விண்டோஸ் டி-யில் தெரியலாம், இ-யில் தெரியலாம். டிஸ்க்பார்ட்டுக்குள் போய் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து, அளவைப் பார்த்து அடையாளம் கண்டு, 'டிர்' கட்டளையால் விண்டோஸ், யூசர்ஸ் என்ற இரு கோப்புறைகளும் கண்ணில் பட்ட பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். யூசர்ஸ் கோப்புறையைக் கண்ணால் பார்ப்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது: கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று கணினிக்குச் சொந்தக்காரரிடம் அந்த நிமிடமே சொல்லிவிடலாம்.

பாதியில் நின்ற அப்டேட்டுக்கு உரிய மருந்து டிஸ்ம் கட்டளையின் 'ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்ற பிரிவு. நிறைவேறாமல் கிடக்கும் அந்த வேலைப் பட்டியலை ரத்து செய்யும்படி வெளியிலிருந்து விண்டோஸுக்குச் சொல்கிறது அது. எழாத கணினியில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். கோப்புகளே சிதைந்திருந்தால் எஸ்எஃப்சி கட்டளையை, விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று குறிப்பிட்டு ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் அது டிஸ்கில் உள்ள விண்டோஸைச் சரிசெய்யாது. பூட் மேனேஜரோ பிசிடி பட்டியலோ கெட்டிருந்தால், இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்துவிட்டு பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால் போதும். விண்டோஸ் கோப்புறையிலிருந்து பூட் கோப்புகளைப் புதிதாக நகலெடுத்துப் பட்டியலையும் அது எழுதித் தந்துவிடும்.

பழைய வீடியோக்கள் ஒப்பிக்கும் பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளைகள் பயாஸ் காலத்துக் கணினிகளுக்கானவை. யூஇஎஃப்ஐ கணினியில் ஃபிக்ஸ்பூட் கொடுத்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரெஜிஸ்ட்ரியின் காப்பு நகலை ரெக்பேக் கோப்புறையிலிருந்து எடுத்து வைக்கலாம் என்ற யோசனையும் காலாவதியானது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தக் காப்பு தானாக எடுக்கப்படுவதில்லை; கோப்புறையைத் திறந்தால் பெயர்கள் இருக்கும், அளவு பூஜ்யமாக இருக்கும். அந்தப் பூஜ்யத்தைக் கொண்டுபோய் நல்ல ரெஜிஸ்ட்ரியின் மேல் எழுதினால், எழக்கூடிய கணினியும் எழாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக வாசலில் நிற்பது பிட்லாக்கர். டிஸ்கைப் பூட்டி, சாவியை டிபிஎம் சிப்பிடம் கொடுத்து வைக்கும் ஏற்பாடு இது. எழும் வரிசையில் ஏதாவது மாறியிருப்பதாகத் தெரிந்தால் டிபிஎம் சாவியைத் தர மறுக்கும். நீலப் பின்னணியில் 48 இலக்க எண்ணைக் கேட்கும் திரை வரும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் காரணமே இல்லாமல் இந்தத் திரைக்கு வந்து நின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டால், தகுதியுள்ள கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. தன் லேப்டாப் பூட்டப்பட்டிருப்பதே சொந்தக்காரருக்குத் தெரியாது. அந்த எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். மொபைலிலிருந்து அதே இமெயிலில் நுழைந்து பார்க்கலாம். அந்த அக்கவுன்ட்டை கடைக்காரர் தன் வசதிக்கு ஏதோ ஒரு இமெயிலில் தொடங்கிக் கொடுத்திருந்தால், கோப்புகள் கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. பூட் பழுதுகளில் உண்மையிலேயே தரவு போவது பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான்.

85 லட்சம் நீலத்திரைகள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9:39. அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக், தன் ஃபால்கன் சென்சாருக்கு ஒரு சிறிய உள்ளடக்க அப்டேட்டை அனுப்பியது. ஓஎஸ் அப்டேட் அல்ல, நிரல்கூட அல்ல. புதிய தாக்குதல் முறைகளை அடையாளம் காண உதவும் தரவுக் கோப்பு. அதைப் படிக்கும் டிரைவர் கெர்னலுக்குள் இருந்தது, எழும் வரிசையில் மிக முன்னதாகக் கிளம்புவதாகவும் இருந்தது. விதிமுறையில் 21 புலங்கள் எழுதப்பட்டிருந்தன. டிரைவருக்குக் கொடுக்கப்பட்டவையோ 20. இல்லாத 21-ஆவதைத் தேடி டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைப் படித்தது. சாதாரண நிரல் இப்படிச் செய்தால் அந்த நிரல் மட்டும் மூடப்படும். கெர்னலுக்குள் நடந்தால் விண்டோஸ் மொத்தத்தையும் நிறுத்தி நீலத்திரை காட்டும். ரீஸ்டார்ட் ஆனால் அதே டிரைவர், அதே கோப்பு, அதே நீலத்திரை.

78 நிமிடங்களில், 10:57-க்கு, அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்திருந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. விண்டோஸ் கணினிகளின் மொத்த எண்ணிக்கையில் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அவை இருந்த இடங்கள் விமான நிறுவனங்கள், மருத்துவமனைகள், வங்கிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் மட்டும் ஐந்து நாளில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது.

பழுதை நீக்கும் முறை வேடிக்கையாகத் தோன்றும் அளவுக்கு எளியது. சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ கணினியை எழுப்பி, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் உள்ள கிரவுட்ஸ்ட்ரைக் கோப்புறையில் 00000291 என்ற எண் தாங்கிய கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் எழாத கணினி நெட்வொர்க்கில் இல்லை. அதனால் தலைமையகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் கணினிகளைச் சரிசெய்யும் கருவிகள் எதற்கும் அது பதில் சொல்லாது. ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. போன இடத்தில் பிட்லாக்கர் 48 இலக்கம் கேட்டது. அந்த எண்களைச் சேமித்து வைத்த சர்வரும் நீலத்திரையில் இருந்தால், முதலில் அதை எழுப்ப வேண்டும். சில கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தே மீட்டதும் உண்டு: டிரைவர் விழுவதற்கு முன் கிடைக்கும் ஓரிரு விநாடிகளில் நெட்வொர்க் பிடித்துத் திருத்திய கோப்பு இறங்கிவிட்டால் தப்பியது. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில் ஓடும் கணினிகளில் சிலவற்றுக்கு 15 முறை வரை தேவைப்பட்டது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 ஜனவரியில், மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடுகளை அடைக்க வந்த அவசர அப்டேட், ஏஎம்டி-யின் பழைய பிராசஸர்கள் சிலவற்றை லோகோவோடு நிறுத்தியது. ஏஎம்டி தந்த ஆவணங்களோடு சிப் ஒத்துப்போகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் சொல்லி, அந்தக் கணினிகளுக்கு அப்டேட்டை நிறுத்திவைத்தது. அவசரமாகச் செய்யப்படும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கவிழ்க்கின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்க நேரம் குறைவு. அவை கை வைப்பதோ வரிசையின் மிக ஆழமான இடத்தில்.

இரண்டு ஓஎஸ் உள்ள கணினி

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளைத் திறந்தவர்களுக்கு, விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும் கறுப்பு மெனு நினைவிருக்கும். பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ். அந்த மெனுவைக் காட்டுவது கிரப் என்ற பூட்லோடர். பயாஸ் காலத்தில் டிஸ்கின் முதல் செக்டரை யார் கடைசியாக எழுதினார்களோ அவர்கள் ராஜ்யம்; விண்டோஸை மறுபடி போட்டால் கிரப் அழியும், பாஸ் கண்ணிலிருந்து மறையும், ஆனால் டிஸ்கில் இருக்கும்.

யூஇஎஃப்ஐ இந்தச் சண்டையைத் தீர்த்தது; இரண்டு பூட்லோடர்களும் ஒரே பார்ட்டிஷனில் தனித்தனி கோப்புறைகளில் இருக்கலாம். ஆனால் செக்யூர் பூட் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. நம்பகமான கையொப்பம் இல்லாத பூட்லோடரை ஃபர்ம்வேர் ஓடவிடாது. லினக்ஸ்காரர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சின்ன நிரலை முன்னால் நிறுத்தி, அது கிரப்பைக் கூப்பிடும்படி செய்தார்கள். கிரப்பில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் பழைய பதிப்புகளை ஒதுக்க எஸ்பாட் என்ற தடைப்பட்டியல் முறையும் வந்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று விண்டோஸ் அப்டேட் அந்தப் பட்டியலைப் புதுப்பித்தது. லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளை அடையாளம் காணும் சோதனை சில இடங்களில் தவறியது. உபுண்டு, மின்ட் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைத்தது, எஸ்பாட் சோதனை தோற்றது என்றும் ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்றும் சொல்லும் ஓரிரு வரிகள். பிறகு கணினி தானாக அணைந்தது. விண்டோஸ் மட்டும் நன்றாக எழுந்தது. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யுடில் கட்டளையால் அந்தத் தடைப்பட்டியலை நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுவது தீர்வு. நிரந்தரத் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது.

லினக்ஸ் தன் அப்டேட்டாலேயே கவிழ்வதும் உண்டு. 2020 ஜூலை இறுதியில் பூட்ஹோல் என்ற ஓட்டையை அடைக்க ரெட் ஹேட் அனுப்பிய திருத்தம், ஆர்ஹெச்இஎல், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் பலவற்றை எழவிடாமல் செய்தது. 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் கிரப் அப்டேட் ஒன்று அதையே செய்தது. அன்றாடத்தில் நடப்பவை இவற்றைவிடச் சாதாரணமானவை: பூட் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பி, புதியது எழத் தேவையான தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதப்பட்டு நிற்கும், அல்லது என்விடியா டிரைவர் புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி தொகுக்கப்பட்டிருக்காது. இங்கே லினக்ஸுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய நிலையில் கணினி எழும். உள்ளே போன பின், நிதானமாக இடத்தைக் காலிசெய்து, புதியதைச் சரிசெய்துகொள்ளலாம்.

மீட்பவனுக்கே பழுது

விண்டோஸில் மீட்பு எல்லாம் வின்ஆர்இ-யை நம்பி இருக்கிறது. அதுவும் கோப்புகளால் ஆனதுதான். அதற்கும் அப்டேட் வரும், அதுவும் கெடும். 2024 ஜனவரியில் மீட்புச் சூழலுக்கென்றே வந்த ஓர் அப்டேட், உலகம் முழுக்க விண்டோஸ் 10 கணினிகளில் ஏறாமல் பிழை காட்டியது. அதற்கு மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் தேவை. பல கணினிகளில் அவ்வளவு காலி இடம் இல்லை. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்கும்படி சாதாரணப் பயனர்களிடம் சொல்லப்பட்டது. அந்த யோசனை வாழ்நாளில் டிஸ்க்பார்ட் பார்த்திராதவர்களுக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

2025 அக்டோபர் 14 இன்னும் விசேஷம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்த அதே நாளில் வந்த விண்டோஸ் 11 அப்டேட், மீட்புச் சூழலுக்குள் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. திரை வரும், வாய்ப்புகள் தெரியும், எதையும் அழுத்த முடியாது. தொடுதிரையோ பழைய உருண்டைப் பின் கீபோர்டோ வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆறு நாளில், 20-ஆம் தேதி, அவசரத் திருத்தம் வந்தது. எழுந்து நிற்கும் கணினிக்கு அது தானாகப் போய்ச் சேரும். ஏற்கெனவே விழுந்துகிடப்பதற்கு வெளியிலிருந்து தயாரித்த பென்டிரைவ்தான் வழி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மேசை டிராயரில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இன்ஸ்டலேஷன் கோப்புகளை எப்போதும் வைத்திருக்கிறார்கள்.

டிஸ்கே போய்க்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் எல்லா வைத்தியத்தையும் நிறுத்திவிட வேண்டும். சுழலும் டிஸ்கில் டிக் டிக் ஒலி, எதைத் திறந்தாலும் நிமிடக்கணக்கில் உறைவது, பயாஸில் பெயர் ஒருமுறை தெரிந்து ஒருமுறை மறைவது ஆகியவை அடையாளங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டுவது கெடுதல். சாகும் டிஸ்கை அது கடைசித் துளி வரை ஓடவைக்கும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் எழுப்பி முதலில் யூசர்ஸ் கோப்புறையை வெளி டிஸ்குக்கு நகலெடுப்பதும், பிறகு புதிய எஸ்எஸ்டி வாங்குவதும்தான் சரியான வரிசை. டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் தேறாது என்றாலும் ஃபார்மட் கடைசிப் படிதான். அதற்கு முன் 'ரீசெட் திஸ் பிசி'-யில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற வாய்ப்பு இருக்கிறது. நிரல்கள் போகும், கோப்புகள் நிற்கும். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் போன்றவற்றை மறுபடி போட வேண்டிவரும்.

எழாத நிலைக்கே போகாதபடி அப்டேட்டை வடிவமைக்க முடியுமா? மற்ற இடங்களில் செய்திருக்கிறார்கள். கூகுளின் குரோம்ஓஎஸ் தொடக்கத்திலிருந்தும், ஆண்ட்ராய்டு 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்தும் இரட்டைப் பார்ட்டிஷன் முறையைப் பயன்படுத்துகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ் ஒரு பக்கம் இருக்க, அப்டேட் மறு பக்கத்தில் எழுதப்படும். ரீஸ்டார்ட்டில் புதிய பக்கம் சரியாக எழாவிட்டால் ஃபோன் தானே பழைய பக்கத்துக்குத் திரும்பிவிடும். ஆப்பிள் 2020-இல் பிக் சர் பதிப்பிலிருந்து சிஸ்டம் கோப்புகளைக் கையொப்பமிட்டு முத்திரையிட்ட தனிப் பகுதிக்கு மாற்றியது; வேறு நிரல் எதுவும் அங்கே எழுத முடியாது. விண்டோஸில் இது எளிதல்ல. நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் டிரைவர்கள் விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே குடியிருக்கின்றன, முப்பது ஆண்டு பழைய நிரல்களும் அங்கே எழுதலாம் என்று நம்பியிருக்கின்றன.

கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்த வழி வேறு. 2024 நவம்பரில் அறிவித்து, 2025-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு வந்த 'குயிக் மெஷின் ரெகவரி', எழாத கணினியை மீட்புச் சூழலுக்குள் கொண்டுபோய், அங்கிருந்தே நெட்வொர்க்கில் இணைத்து, பரவலான பழுதுகளுக்கான திருத்தத்தை இறக்கிப் போட முயல்கிறது. ஹோம் பதிப்பில் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. நிறுவனக் கணினிகளில் நிர்வாகி முடிவு செய்ய வேண்டும். லேன் கேபிளோ, பாஸ்வேர்டு போட்ட வழக்கமான வைஃபையோ இருந்தால் வேலை செய்யும். பலர் வீட்டில் ஒரே நாளில் வரும் ஒரே பழுதுக்கு இது பொருந்தும். ஒரு தனிக் கணினியின் பிசிடி கெட்டதற்கும், பயாஸில் முறை மாறியதற்கும், தேய்ந்த டிஸ்குக்கும் கமாண்ட் பிராம்ப்டும் ஸ்க்ரூடிரைவரும்தான் இன்னும் தேவைப்படுகின்றன.